கறுப்பு வெள்ளைக் காலத்தில் குறைந்த செலவில் வந்த ஹாலிவுட் துப்பறியும் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், 1952இல் வந்த 'தி நேரோ மார்ஜின்'. 71 நிமிடம்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் படுக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு தாதாவின் விதவையைச் சாட்சி சொல்ல வைக்க சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரயிலில் கூட்டிப்போகிறார் ஒரு போலீஸ்காரர். அவளைத் தீர்த்துக்கட்ட வந்தவர்களும் அதே ரயிலில், ஆனால் அவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அவ்வளவுதான் கதை. ரயில் ஓடுகிற மாதிரி காட்ட செட்டையே ஆட்டுவார்கள் இல்லையா, இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளைஷர் செட்டை அசையாமல் வைத்துவிட்டு கேமராவைக் கையில் பிடித்து ஆட்டிச் செலவை மிச்சம் பிடித்தார். பின்னணி இசையும் கிடையாது, ரயில் சத்தம்தான் இசை. ஓரிடத்தில் அந்த விதவையாக வரும் மரீ விண்ட்சர் எரிச்சலோடு சரக் சரக்கென்று நகத்தை ராவிக்கொண்டிருப்பார், பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது எஞ்சின் சக்கரத் தண்டு போய்வருகிற ஓட்டமாக மாறிவிடும். நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இவ்வளவு சிக்கனம் ஏன் என்றால், அப்போது ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் ஓட்டுவார்கள். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு, கூட ஓடுகிற சின்னப் படத்துக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் என்று பேசிய வாடகை. படம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதற்கு மேல் ஒரு காசு வராது, ஆகவே லாபம் பார்க்க ஒரே வழி செலவை ஒடுக்குவதுதான்.

எல்லாமே நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி படங்களில் நாலு பேர் ஒரே அறையில் நின்று பேசியே தீர்ப்பார்கள். சீனத் துப்பறிவாளர் சார்லி சான் வேடத்தில் வெள்ளைக்காரர்களே மேக்கப் போட்டு நடித்த படங்களை இன்றைக்கு நெளியாமல் பார்க்க முடியாது. ஆனால் 'ஃபால்கன்' என்ற துப்பறியும் பட வரிசையில் ஒரு வேடிக்கை: கதாநாயகனாக நடித்து அலுத்துப்போன ஜார்ஜ் சாண்டர்ஸ் விலக வேண்டும், வரிசை நிற்கவும் கூடாது. என்ன செய்தார்கள்? 1942இல் கதாநாயகனைச் சாகடித்து, அவன் சகோதரன் துப்பறிய வருவதாக எழுதி, சாண்டர்ஸின் சொந்த அண்ணன் டாம் கான்வேயையே நடிக்க வைத்துவிட்டார்கள்!

அப்புறம் 'டீடூர்' (1945). துப்பறியும் படம் இல்லைதான், ஆனாலும் விடாதீர்கள். சில காட்சிகளில் பிம்பத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டதில் அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலப்பக்கம் வந்திருக்கும்.

நேரோ மார்ஜினை 1990இல் கலரில் மறுபடியும் எடுத்தார்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழையதைப் பார்க்கும் முன் கதைச்சுருக்கம் எதையும் படித்துத் தொலைக்காதீர்கள், நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது.