‘ஐ7 கேமிங் பிசி’ என்று மட்டும் சொன்னால் போதுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ரெடிமேடாகக் கிடைக்கும் கேமிங் டெஸ்க்டாப்பை நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி என்று இந்த மாதம் நிறைய வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

கேள்வி: ‘ஐ7 கேமிங் பிசி, 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய்’ என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பி வாங்கலாமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

வேண்டாம். இந்த விலைக்கு வரும் ‘ஐ7’ (இன்டெல் பிராசஸர்) பெரும்பாலும் 2011-ல் வந்த ஐ7-2600, இல்லையென்றால் 2012-ல் வந்த ஐ7-3770. ஆபீஸ்களில் ஓடி ஓய்ந்த பிராசஸரைக் கழற்றி, புது ‘எச்61’ மதர்போர்டில் மாட்டி, கலர் விளக்கு எரியும் கேபினட்டுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். ரேமும் பழைய டி.டி.ஆர்.3 ரகம்தான். 2022-ல் வந்த ஐ3-12100எஃப் இதைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெயரிலுள்ள சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் எந்தத் தலைமுறை என்பதைக் காட்டும் (2600 என்றால் இரண்டாம், 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை).

‘4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ அநேகமாக ஜிடி 730 ஆக இருக்கும். மெமரி 4 ஜி.பி. இருப்பதால் கார்டு வேகமாகிவிடாது. தொட்டி பெரிதாக இருந்து குழாய் சின்னதாக இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். 2014-ல் வந்த அந்தக் கார்டுக்கு, 2021-க்குப் பிறகு கேம்களுக்கான புது டிரைவர் வருவதே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பழைய மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார்கள். டெஸ்க்டாப் திரை அழகாக வரும். ஆனால் விண்டோஸ் 11-ல் வாலரன்ட் கேம் ஓட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் ‘வேன் 9001’ என்ற பிழையோடு கேம் நின்றுவிடும்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 72,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் வாங்கினேன். ‘ரைசன் 5, 16 ஜி.பி. ரேம், ஆர்.டி.எக்ஸ் 3050, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., ஆர்.ஜி.பி. கேபினட்’ என்று எழுதியிருக்கிறார்கள். இது நல்ல விலையா? (ஐ.டி. ஊழியர், தாம்பரம்)

இந்தத் தாளை வைத்து நல்ல விலையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் பாதிப் பெயர்தான் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் கடைக்காரரின் லாபம் இருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம்.

ரைசன் 5 (ஏ.எம்.டி.யின் பிராசஸர்) என்றால் எது? 4500, 5500, 5600 மூன்றுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஆனால் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 4500-ல் 8 எம்.பி., 5500-ல் 16 எம்.பி., 5600-ல் 32 எம்.பி. கேம்களுக்கு இந்தக் கேஷ் முக்கியம். தவிர, கிராபிக்ஸ் கார்டைப் பிராசஸரோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் முதல் இரண்டும் 3.0 வரைதான் போகும். ஆர்.டி.எக்ஸ் 3050, 4060, 5060 போன்ற கிராபிக்ஸ் கார்டுகள் அந்தப் பாதையின் எட்டு லேனில் மட்டுமே இயங்குபவை. 3.0-ல் மாட்டினால் அந்தப் பாதையின் வேகமும் 4.0-ல் கிடைப்பதில் பாதியாகிவிடும். கார்டின் மெமரி நிரம்பி வழியும் கேம்களில் திடீர் திடீரென்று படம் திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்.டி.எக்ஸ் 3050-லும் இரண்டு ரகம் உண்டு. 8 ஜி.பி. கார்டில் 2,560 கோர், 128 பிட் மெமரிப் பாதை. 2024-ல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2,304 கோர், 96 பிட் பாதை. இது வெறும் 6, 8 வித்தியாசம் இல்லை, கார்டே வேறு. 6 ஜி.பி. கார்டு 70 வாட்டில் ஓடும், தனியாக பவர் ஒயர் தேவையில்லை; பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகிக்கொள்ள அது நல்ல கார்டுதான். ஆனால் புதிதாக 72,000 கொடுக்கிற இடத்தில் அதற்கு வேலையே இல்லை. கேமிங் மெஷினில் மொத்தத் தொகையில் 35 முதல் 45 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். உங்கள் கணக்கில் அது சுமார் 25,000 முதல் 32,000 ரூபாய். 3050-ன் 6 ஜி.பி. கார்டு அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சப் பணம் எங்கே போனது என்று கேளுங்கள். ஆர்.டி.எக்ஸ் 5060-ஐப் போட்டு, கேபினட்டையும் விளக்குகளையும் குறைத்து மறுபடி கொட்டேஷன் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரேம் 16 ஜி.பி. ஒரே ஸ்டிக்கா, எட்டும் எட்டுமாக இரண்டா? ஒரே ஸ்டிக் என்றால் மெமரிப் பாதையில் பாதி சும்மா கிடக்கும். கேமில் அது தெரியும். எஸ்.எஸ்.டி.யின் இணைப்பு முறை சாட்டாவா, என்.வி.எம்.இ.யா? சாட்டா நொடிக்கு 550 எம்.பி.யைத் தாண்டாது, நான்காம் தலைமுறை என்.வி.எம்.இ. 7,000 வரை போகும். ‘எம்.2’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் போதாது, எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் வருகிறது.

மதர்போர்டைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. மற்றதை எல்லாம் மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியாது. ‘ஏ520’, ‘பி550’ என்று கம்பெனி பெயரோடு முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

எல்லாப் பெயரும் கைக்கு வந்த பிறகு, இரண்டு மூன்று ஆன்லைன் கடைகளில் ஒவ்வொரு பாகத்தின் இன்றைய விலையைப் பார்த்துக் கூட்டுங்கள். அதோடு பூட்டும் கூலி ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் அதற்கு மேல் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பத்தைத் தாண்டினால் பேரம் பேசுங்கள், படியவில்லை என்றால் அடுத்த கடை.

‘பில் வேண்டாம் என்றால் ஐயாயிரம் குறைக்கிறேன்’ என்பார்கள். 72,000-க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் சுமார் 10,980 ரூபாய். அதில் பாதியைக்கூட உங்களுக்குத் தராமல் மூன்று வருட வாரன்டியைக் கையை விட்டுப் போகச் செய்கிற ஏற்பாடு இது. பில்லில் ‘கேமிங் பிசி, 1’ என்று ஒற்றை வரியாகப் போடவும் விடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். கார்டு பழுதானால் நீங்கள் போய் நிற்கப்போவது அந்தக் கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில்தான்.

கேள்வி: பெரிய கம்பெனிகளின் பிராண்டட் கேமிங் டெஸ்க்டாப் நல்லதா, கடையில் அசெம்பிள் செய்தது நல்லதா? (அரசுப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

உங்கள் ஊரில் பழுது பார்க்க ஆள் இல்லை என்றால் பிராண்டட். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டியும் அசல் விண்டோஸும் அதில் சேர்ந்தே வரும். விலையை ஒப்பிடும்போது இரண்டுக்கும் மதிப்புப் போட வேண்டும். குறை என்னவென்றால், சில மாடல்களில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். நான்கு வருடம் கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தால் எஸ்.எம்.பி.எஸ். போதாது, கடையில் கிடைக்கிற சாதாரண ஏ.டி.எக்ஸ். அளவு எஸ்.எம்.பி.எஸ். அதில் பொருந்தாது. வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், கார்டுக்கான பவர் ஒயர் எத்தனை, ரேம் சொருக எத்தனை இடம் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. உதிரி பாகம் திடீரென்று ஏறும் காலத்தில், விலை ஏறுமுன் தயாரான பிராண்டட் ஸ்டாக் சில கடைகளில் பழைய விலைக்கே கிடக்கும். அப்போது அசெம்பிள் செய்வதைவிட அது மலிவாகவே அமையும். அதே காரணத்தால் ரேமை 8 ஜி.பி. ஒற்றை ஸ்டிக்காகக் குறைத்துவிட்டு விலையை மாற்றாமல் விற்பதும் நடக்கிறது. இரண்டையும் கவனியுங்கள்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்று எழுதியிருந்தால் நம்பலாமா? (எலக்ட்ரீஷியன், ஈரோடு)

உங்களுக்கு இது சுலபம். பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 × 18 = 216 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான்; மீதி வாட் எல்லாம் அட்டையில் மட்டும். நல்ல 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். மின்சாரத்தை வீணாக்காததைக் காட்டும் ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (வெண்கலத் தர) முத்திரையும் குறைந்தது மூன்று வருட வாரன்டியும் உள்ளதாக வாங்குங்கள். கேம் சூடு பிடிக்கும்போது மட்டும் மெஷின் தானாக அணைந்து மறுபடி எழுந்தால், முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான்.

கேள்வி: கடையிலேயே சோதித்து வாங்க முடியுமா? என்ன பார்க்க வேண்டும்? (இல்லத்தரசி, மகனுக்காக, சேலம்)

முடியும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும், பின்னால் அல்ல. மகனையும் அழைத்துப் போங்கள்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். 3200 வேக ரேம் வாங்கி 2400 அல்லது 2666 காட்டினால், மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயோஸில் எக்ஸ்.எம்.பி. (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் வசதி) போடவில்லை என்று பொருள். அங்கேயே போட்டுத் தரச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

அடுத்து ஜி.பி.யூ-இஸட் என்ற இலவச மென்பொருள். கார்டின் கோர் எண்ணிக்கை, மெமரிப் பாதை எல்லாம் காட்டும். போலிக் கார்டுகள் பலவற்றைப் போலி என்றே சொல்லிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது என்றால் சில மணி நேரத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, பக்கக் கண்ணாடியை மூடி வைத்து ஏதாவது ஒரு கனமான கிராபிக்ஸ் சோதனையை இருபது நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள். கடையில் ஏசி ஓடும், 24 டிகிரி இருக்கும். சேலத்தில் சித்திரை மாதம் உங்கள் வீட்டு அறையில் 35 இருக்கும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறத்தாழ அதே அளவு கார்டின் சூடும் ஏறும். கடையில் 70 காட்டினால் வீட்டில் 80 தாண்டும், அது பரவாயில்லை. கடையிலேயே 80 என்றால் வாங்காதீர்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, காற்று நுழைய விரல் அகல இடுக்கு மட்டும் விட்ட கேபினட்டில்தான் இது அதிகம் நடக்கும். வலை போட்ட முன்பக்கம் கேளுங்கள்.

எல்லாப் பாகத்தின் அட்டைப் பெட்டியையும் வாங்கி வாருங்கள்.

கேள்வி: கூடவே 600 வி.ஏ. யு.பி.எஸ். இலவசமாகத் தருகிறார்கள். போதுமா? (வாசகர், விருதுநகர்)

600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது பெரும்பாலும் 360 வாட். ஆர்.டி.எக்ஸ் 4060 போட்ட மெஷினும் மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது சுமார் 250 வாட் இழுக்கும், அதற்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் கிடைக்கும். ஐந்து நிமிடம் தாண்டினாலே அதிகம். தனியாகவே 250 வாட் இழுக்கும் ஆர்.டி.எக்ஸ் 5070 போன்ற கார்டு என்றால் இந்த யு.பி.எஸ். போதாது, 1000 வி.ஏ. (600 வாட்) வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் உள்ள சுவிட்ச் யு.பி.எஸ். பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றப் பக்கத்தில் இருந்தால் கரன்ட் மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

கேள்வி: ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ உண்மையிலேயே செலவில்லாததா? (வங்கி வாடிக்கையாளர், கோவை)

இல்லை. வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான்: வட்டி 5,000 என்றால் 900 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. முழுத் தொகையும் கட்டினால் கிடைக்கும் வங்கித் தள்ளுபடி இ.எம்.ஐ.க்கு உண்டா என்றும் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து கேமிங் டெஸ்க்டாப் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே போடலாமா? (வாசகி, திருச்சி)

எஸ்.எம்.பி.எஸ். பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால், பிளக்கில் சொருகும் முன் 230-க்கு மாற்றுங்கள். மறந்தால் வெடித்துவிடும். லேபிளில் 100–240 வோல்ட் என்று இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். வாரன்டி இங்கே செல்லுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கம்பெனியிடம் கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: போன வாரம் புது மெஷின் வந்தது. நல்ல கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆனால் கேம் நொண்டி நொண்டி ஓடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்)

அவசரப்பட வேண்டாம். பின்பக்கம் போய் மானிட்டர் ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே, யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது மதர்போர்டு. உங்கள் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. கீழே படுக்கை வாட்டில் உள்ள துளைக்கு மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில், அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதியில் 60-ஐ 144 ஆக்குங்கள், தானாக மாறாது.

அதற்கும் சரியாகவில்லை என்றால், கரன்ட்டை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள். பார்சலில் ஆட்டம் கண்டு ரேமோ கார்டோ லேசாக மேலே எழும்பியிருக்கும். ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். கார்டைத் தாங்க உள்ளே ஃபோம் வைத்து அனுப்பியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.