ஆச்சி பெட்டியில் ரோமானியக் காசா?

கேள்வி: ஏரல் பக்கம் எங்கள் ஊர். ஆச்சியின் நகைப்பெட்டியில் வளையம் வைத்த ஒரு தங்கக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் இலைமுடி சூடிய தலை, மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், கையில் கோல். இங்கிலீஷ் மாதிரி எழுத்து, ஆனால் வாசிக்க வரவில்லை. ஆசாரி உரைத்துப் பார்த்து, நல்ல மாத்து, உருக்கினால் கம்மல் செய்யலாம் என்கிறார். ரோமானியக் காசாக இருக்குமா?

பதில்: முதலில் காசை ஆசாரியிடமிருந்து வாங்கி வீட்டில் வையுங்கள். உரைகல் மாத்தைச் சொல்லுமே தவிர, வயதைச் சொல்லாது. புளி, சோடா போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

நீங்கள் சொல்கிற படம் ரோமானியப் பேரரசர் திபேரியஸ் (ஆட்சி கி.பி. 14–37) காசோடு ஒத்துப்போகிறது. தலையைச் சுற்றி டி, ஐ, அப்புறம் சீசர் என்று ஆரம்பிக்கிறதா, பெண் இருக்கும் பக்கம் 'பான்டிஃப் மாக்சிம்' என்று இருக்கிறதா, லென்ஸ் வைத்துப் பாருங்கள். லத்தீனில் 'யூ' வர வேண்டிய இடத்தில் 'வி' நிற்கும், சொற்களும் ஒட்டி ஓடும், அதனால்தான் உங்களுக்கு வாசிக்க வரவில்லை.

அடுத்து எடை. அவுரியஸ் என்கிற இந்தத் தங்கக் காசு திபேரியஸ் காலத்தில் 7.7, 7.8 கிராம் இருந்தது, அதாவது நம் பவுனுக்குக் கொஞ்சம்தான் குறைவு, கி.பி. 64 வாக்கில் நீரோ குறைத்த பிறகு 7.3 அளவுக்கு இறங்கிவிட்டது. உங்கள் காசில் வளையத்தின் எடையும் சேரும், மறந்துவிடாதீர்கள். குறுக்களவு 19, 20 மில்லிமீட்டர்தான், பவுன் காசைவிடச் சின்னது, ஆனால் தடிப்பு அதிகம், விளிம்பில் பவுனுக்கு இருக்கிற கோடுகளும் இருக்காது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் 0.4 கிராம் போலக் குறைய வேண்டும். 0.7-க்கு மேல் குறைந்தால் உள்ளே வெள்ளியோ வேறு உலோகமோ இருக்கிறது என்று அர்த்தம்.

நல்ல தங்கத்திலேயே போலி செய்கிறவர்களும் உண்டு. வார்த்த போலியில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். எழுத்து தாறுமாறாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், ரோமானியக் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் அடித்த காசுகளும் கிடைத்திருக்கின்றன. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

கொற்கை பக்கத்து ஊர் என்பதால் காசு அங்கேதான் வந்திறங்கியது என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே முத்துக் குளித்ததை முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பே சொல்கிறது, சரி. ஆனால் நகையாகக் கைமாறிய காசு எங்கிருந்தும் வந்திருக்கலாம்.

கேள்வி: என்னிடம் உள்ளதில் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. மதிப்புப் போய்விட்டதா?

பதில்: அழகு குறையும், விலையும் குறையும், ஆனால் அந்த வெட்டே தென்னிந்தியாவின் அடையாளம். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவை இப்படி வெட்டுப்பட்டவைதான். காசாக ஓடக் கூடாது, வெறும் தங்கமாகவே எடை போட வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம்.

கேள்வி: வயலில் உழும்போது கிடைத்தால்?

பதில்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தில் வந்த காசுக்கு அது பொருந்தாது, ஆனால் அதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது.