‘இன்ஃபோர்ம்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

கேள்வி: துறைமுகத்திலிருந்து சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில், புறக்கோட்டையில் வேலை செய்கிறேன். நாளொன்றுக்கு இருபது மின்னஞ்சலாவது ஆங்கிலத்தில் எழுதவேண்டும். ‘ஐ வோன்ட் டு சே தட்’ என்று தொடங்கினால் முகாமையாளர் ஒன்றும் சொல்வதில்லை. ‘ஐ வோன்ட் டு இன்ஃபோர்ம் தட்’ என்று தொடங்கினால் அச்செடுத்து, சிவப்புப் பேனையால் வட்டமிட்டுத் தருகிறார். இரண்டிலும் ‘டு’, வினைச்சொல், ‘தட்’ என்று ஒரே வரிசைதானே இருக்கிறது? காரணம் கேட்டால் ‘காதுக்குச் சரியில்லை’ என்கிறார். ஆனால் அவரே அறிவித்தல் பலகையில் ‘திஸ் இஸ் டு இன்ஃபோர்ம் தட்’ என்று ஒட்டியிருக்கிறார். எது சரி?
– வாசகி, கொழும்பு 13

பதில்: முகாமையாளரின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பலகையில் ஒட்டிய கைதான் தவறிவிட்டது.

‘இன்ஃபோர்ம்’ என்று எழுதிய கையோடு, யாருக்கு அறிவிக்கிறோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். ‘ஐ வோன்ட் டு இன்ஃபோர்ம் யூ தட் த கன்டெய்னர் இஸ் டிலேட்’ என்பது சரி. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ‘யூ’வைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ‘சே’ என்ற சொல்லுக்கு அந்தத் தேவை இல்லை. சொல்லப்படும் செய்தி இருந்தால் அதற்குப் போதும். வரிசை ஒன்றாகத் தெரிந்தாலும் ‘டு’வுக்கும் ‘தட்’டுக்கும் இதில் அதிகாரம் கிடையாது. நடுவில் நிற்கும் வினைச்சொல் தனியாக வந்தால் எதைக் கேட்குமோ, முன்னால் ‘டு’ ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதையேதான் கேட்கும்.

நமக்கு இது ஏன் உறைப்பதில்லை? ‘கொள்கலன் வரத் தாமதமாகும் என்று அறிவிக்கிறேன்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். யாருக்கு என்ற பேச்சே இல்லை, வாக்கியம் முழுமையாக நிற்கிறது. படிப்பவருக்குத்தான் என்பது சொல்லாமலே விளங்கும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். வட்டம் விழுகிறது.

‘இன்ஃபோர்ம்’ மட்டும் இப்படி இல்லை. ‘டெல்’, ‘ரிமைன்ட்’, ‘நோட்டிஃபை’, ‘அஷ்யூர்’, ‘கன்வின்ஸ்’ எல்லாமே ஆளைக் கேட்கும். ‘திஸ் இஸ் டு ரிமைன்ட் யூ தட் த பேமென்ட் இஸ் டியூ’ என்று எழுதவேண்டும். ‘ரிமைன்ட் தட்’ என்று ஒட்டி எழுத முடியாது. ஆள் எழுவாயாகப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டால் மட்டும் பின்னால் தேடவேண்டியதில்லை. ‘வி ஹேவ் பீன் இன்ஃபோர்ம்ட் தட்’ என்பதில் அறிவிக்கப்பட்டவர்கள் ‘வி’ என்று தொடக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே அது சரி. ‘ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட் டு பி டோல்ட் தட்’ என்பதும் அதே காரணத்தால் சரி.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறானது. ‘சே’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘மென்ஷன்’, ‘சஜெஸ்ட்’, ‘கன்ஃபர்ம்’, ‘அனௌன்ஸ்’ ஆகியவற்றுக்கு ஆள் வேண்டாம். கட்டாயம் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஆளுக்கு முன்னால் இன்னொரு ‘டு’ போட்டுத்தான் சேர்க்கலாம். ‘இன்ஃபோர்ம்’ விஷயத்தில் ஒருமுறை திட்டு வாங்கியவர்கள் அடுத்த வாரம் இங்கேதான் வழுக்குவார்கள். ஆளைச் சேர்க்கவேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டதால் ‘ஐ வோன்ட் டு எக்ஸ்ப்ளெய்ன் யூ தட்’ என்று எழுதிவிடுவார்கள். என்னிடம் மாலை வகுப்புக்கு வருபவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். ‘எக்ஸ்ப்ளெய்ன் டு யூ தட்’ என்றால் சரி. வெறுமனே ‘எக்ஸ்ப்ளெய்ன் தட்’ என்றாலும் சரி. இரண்டு பக்கமும் சாயக்கூடிய ‘ப்ரொமிஸ்’, ‘வோர்ன்’ போன்ற சில சொற்களும் உண்டு. அவற்றில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டாம். புதிய வினை ஒன்று எதிர்ப்பட்டால் அதை ‘சே’யின் பக்கத்திலும் ‘டெல்’லின் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். ‘சே மீ’ என்று யாரும் எழுதமாட்டார்கள், ‘டெல் தட் ஐ ஆம் லேட்’ என்றும் எழுதமாட்டார்கள். இந்த இரண்டையும் உங்கள் காது ஏற்கெனவே அறியும். மற்றவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் உறவுக்காரர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அடுத்த சிவப்பு வட்டம் அங்கேதான் விழும். இந்த விஷயத்தில் நமக்கு வரும் இடைஞ்சல்களில் பாதிக்கு ‘என்று’ என்ற நம்முடைய சொல்தான் காரணம். அது ‘என்’ என்ற வினையிலிருந்து பிறந்த எச்சம். ‘சொல்லி’ என்பது அதன் பழைய பொருள். செய்தி முழுவதையும் சொல்லி முடித்த பிறகு வந்து அதைக் கட்டி வைக்கிறது. ஆங்கிலத்தின் ‘தட்’, ‘அது’ என்று சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. இனி வரப்போகும் செய்தியை அது முன்கூட்டியே சுட்டுகிறது. நம்முடைய ‘என்று’ எதையும் கட்டும்: செய்தியை, கேள்வியை, ஆசையை, அடுத்தவர் வாயிலிருந்து வந்த பேச்சை அப்படியே. ‘தட்’ செய்தியைத் தாங்கும்; கேள்வியையும், அடுத்தவர் பேச்சை அப்படியேயும் தாங்காது, ஆசையை எல்லா வினையோடும் தாங்காது.

‘கொள்கலன் வந்துவிட்டதா என்று அறிய விரும்புகிறேன்’ என்று நினைத்துக்கொண்டு எழுதுபவர் ‘ஐ வோன்ட் டு நோ தட் வெதர் த கன்டெய்னர் ஹாஸ் அரைவ்ட்’ என்று எழுதுகிறார். உள்ளே இருப்பது கேள்வி, அதற்கு ‘வெதர்’ ஒன்றே போதும். ‘எப்போது வரும் என்று’ என்றால் ‘வென்’ மட்டும். கேள்விச் சொல் வந்த இடத்தில் ‘தட்’டுக்கு வேலையில்லை. இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது: ‘டு நோ வென் இட் வில் அரைவ்’ என்பதுதான் சரி, ‘வென் வில் இட் அரைவ்’ என்று கேள்வி கேட்பது போலச் சொற்களைப் புரட்டக்கூடாது.

அடுத்தது ஆசை. ‘நீங்கள் ஆவணங்களை அனுப்பவேண்டும் என்று விரும்புகிறோம்’ என்பதை ‘வி வோன்ட் தட் யூ ஷுட் சென்ட்’ என்று எழுதுகிறோம். ‘வோன்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தட்’ வராது. ‘வி வோன்ட் யூ டு சென்ட் த டொக்கியுமென்ட்ஸ்’ என்றுதான் வரவேண்டும். ‘ஹோப்’ இதற்கு எதிர்: ‘வி ஹோப் தட் யூ வில் சென்ட்’ சரி, ‘வி ஹோப் யூ டு சென்ட்’ பிழை. இதற்கு என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். சொல்லுக்குச் சொல் குணம் வேறு, அவ்வளவுதான்.

மூன்றாவது உங்கள் தொழிலில் பணத்தையே பாதிக்கக்கூடியது. சாரதி தொலைபேசியில் சொன்னதைத் தமிழில் ‘நான் நாளை வருகிறேன் என்று சாரதி சொன்னார்’ என்று எழுதலாம். வருவது சாரதி என்று எல்லோருக்கும் விளங்கும். அதையே ‘த ட்ரைவர் கோல்ட் டு சே தட் ஐ வில் கம் டுமொரோ’ என்று வாடிக்கையாளருக்கு அனுப்பினால், நாளை அவருடைய வாசலில் நீங்கள் நிற்கப்போவதாக அவர் எடுத்துக்கொள்வார். ‘தட்’ வந்துவிட்டால் ‘ஐ’ என்பது எழுதுபவரைத்தான் குறிக்கும். சாரதி என்றால் ‘ஹி’ என்று மாற்றியே ஆகவேண்டும்.

கடிதத் தொடக்கங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். ‘ஐ ஆம் ரைட்டிங் டு கன்ஃபர்ம் தட்’ என்பது உங்கள் வேலைக்கு நான் சிபாரிசு செய்யும் தொடக்கம். ஆளைத் தேடவேண்டியதில்லை, சுற்றிவளைப்பும் இல்லை. கெட்ட செய்தி என்றால் ‘வி ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ தட்’ என்று எழுதுங்கள். இங்கே ‘டு இன்ஃபோர்ம்’ என்பதற்குப் பதிலாக ‘இன்ஃபோர்மிங்’ என்று மாற்றினால், ஏற்கெனவே உங்களுக்கு அறிவித்துத் தொலைத்துவிட்டோமே என்று வருந்துவதாகப் பொருள் புரண்டுவிடும். வாடிக்கையாளர் வீட்டில் இழவு என்றால் ‘ஐ ஆம் சாரி டு ஹியர் தட்’ என்று தொடங்கலாம். ‘ஹியர்’ ஆளைக் கேட்காத சொல். ‘ஐ வுட் லைக் டு டேக் திஸ் ஒப்பர்ச்சூனிட்டி டு இன்ஃபோர்ம் யூ தட்’ என்று நீட்டுவதை மட்டும் நான் பார்த்தவுடன் அடித்துவிடுவேன். கப்பல் தாமதமாகிவிட்டது என்று சொல்ல இது என்ன மங்கள வாய்ப்பா?

‘ஐ வோன்ட் டு இன்ஃபோர்ம் யூ தட்’ இலக்கணப்படி சரியானதே. ஆனாலும் ‘வோன்ட்’ கொஞ்சம் முரட்டுச் சொல். வெளியாருக்கு எழுதும்போது ‘வுட் லைக்’ மென்மையாக இருக்கும்.

இனிப் பலகைக்கு வருவோம். ‘திஸ் இஸ் டு சர்டிஃபை தட்’ என்று தொடங்கும் சேவைச் சான்றிதழை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பிழையற்றது, ஏனென்றால் ‘சர்டிஃபை’ ஆளைக் கேட்காது. அந்த அச்சில் ‘இன்ஃபோர்ம்’ என்ற சொல்லை ஊற்றியதால் வந்த வினைதான் உங்கள் அலுவலக அறிவித்தல். வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியிலும் இதே பிழை நெடுநாளாக ஒட்டப்பட்டிருக்கிறது. ‘திஸ் இஸ் டு இன்ஃபோர்ம் ஓல் ஸ்டாஃப் தட்’ என்று இரண்டே சொல் சேர்த்தால் உங்கள் அலுவலக அறிவித்தல் திருந்திவிடும்.

இதை முகாமையாளரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு உங்களுக்கு இருந்தால், ‘ஐ ஜஸ்ட் வோன்டட் டு மென்ஷன் தட்’ என்று தொடங்குங்கள். ‘மென்ஷன்’ ஆள் தேவைப்படாத சொல். அவரை நேரே சுட்டியதாகவும் இருக்காது.