ஆசியா: எந்த எழுத்தில்?

அஸ்ஸலாமு அலைக்கும். மகள் பிறந்து ஐந்து நாளாகிறது. நெட்டில் பார்த்து ‘ஆசியா’ என்று முடிவு செய்திருக்கிறேன். மாமியார் தன் பேரான மைமூனாவை வைக்கச் சொல்கிறார். பழைய பேர் என்று மறுத்துவிட்டேன். ஏழாம் நாளே பேர் வைக்கணுமா, நாற்பது நாள் கழியட்டுமா? நியூமராலஜி பார்க்கலாமா?
வாசகி, புதுநகரம், பாலக்காடு

வ அலைக்குமுஸ்ஸலாம் மகளே. பிள்ளையை அல்லாஹ் ஸாலிஹான பெண்ணாக வளர்த்துத் தரட்டும்.

நியூமராலஜியை விடு, மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. ஏழாம் நாள் பேர் வைப்பது சுன்னத், அதாவது நபிவழி: பெண்ணுக்கு ஓர் ஆடு அறுத்து அகீகா, முடி இறக்கி அதன் எடைக்கு வெள்ளி தர்மம். முந்தியும் வைக்கலாம், மகன் இப்ராஹீமுக்கு நபி (ஸல்) பிறந்த இரவே பேர் வைத்தார்கள். நாற்பது வரை இழுக்காதே.

சரி, நெட்டில் அந்தப் பேரை எந்த எழுத்தில் பார்த்தாய்? அரபியில் இரண்டு ஆசியா உண்டு. மத்து என்ற நீட்டல் குறி போட்ட அலிஃப், ஸீன், யா, தா என்று எழுதினால் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி. பெண்களில் முழுமை அடைந்தவர் என்று ஈசா நபியின் தாய் மர்யமோடு சேர்த்து நபியவர்கள் சொன்னவர். ஐன், அலிஃப், ஸாத், யா, தா என்று எழுதினால் ‘மாறுசெய்பவள்’. நபித்தோழர் உமர் (ரலி) மகள் ஒருவருக்கு இந்த இரண்டாவது பேர்தான் இருந்தது. நபியவர்கள் அதை ஜமீலா என்று மாற்றினார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது.

தமிழில் இரண்டும் ஆசியாதான். மலையாளத்திலும் அதே கதி. இங்கிலீஷில் ஏ-யை இரண்டு தடவை போட்டாலும் ஐன் வராது. அலீமும் அப்படித்தான்: ஐன் போட்டால் நன்கறிந்தவன், அலிஃப் போட்டால் நோவினை தருவது. இதெல்லாம் தெரியாமல் போனில் விரலால் தள்ளிப் பிள்ளைக்குப் பேர் பொறுக்குவதா? சேலைக்குக்கூட கரையைப் புரட்டிப் பார்ப்பாயே!

முதலில் அரபியில் எழுது. பள்ளிவாசல் உஸ்தாதிடம் காட்டி, வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்லச் சொல். அந்தத் தாளைப் பத்திரப்படுத்து. மதரசாவில் சேர்க்கும்போது அதைக் காட்டாவிட்டால், காதில் விழுந்ததை வைத்து யாரோ ஐன் போட்டுவிடுவார்கள். நிக்காஹ் பதிவு வரை அதுவே போகும். பஞ்சாயத்தில் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடு. பேர் இல்லாமலும் பதியலாம். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பேர் சேர்க்கலாம். ஏறிய பேரை மாற்றுவதுதான் அலைச்சல்.

மாமியார் மனசை நோகடித்தது தப்பு. மைமூனா நபியவர்களின் மனைவி பேர், ‘பரக்கத் (அருள்வளம்) பெற்றவள்’. மீம், யா, மீம், வாவ், நூன், தா. தமிழில் எழுதினாலும் தடம் மாற அதில் ஓர் எழுத்து கிடையாது.