மகனை விமானப்படைக்கு அனுப்ப நினைக்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

விமானப்படையில் 20 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வெளிவந்தவன் என்பதால், பிளஸ் டூ முடிக்கும் தங்கள் மகனை, நான்கு ஆண்டுகளுக்கு வீரர்களைச் சேர்க்கும் விமானப்படையின் அக்னிவீர்வாயு பணியில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நான் சேர்ந்த பணியும் அவர் சேரவிருக்கும் பணியும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பெலகாவியில் அடிப்படைப் பயிற்சியும் தாம்பரத்தில் தொழிற்பயிற்சியும் நான் முடித்த காலத்தில், 15 ஆண்டுகள் நிறைந்தாலே ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். 2022 முதல் சேர்க்கை 4 ஆண்டுகளுக்கு மட்டுமே. அதன்பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே பணியில் தொடர முடியும். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ரூபாயும் வட்டியும், சேவா நிதி எனப்படும் ஒட்டுமொத்தத் தொகையாகக் கிடைக்கும் என்றாலும், அசலில் பாதி அவரவர் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்த பணம்தான். ஓய்வூதியம் கிடையாது.

அந்தப் பணி எனக்குத் தந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருநாள் இரவு, விமானப் பராமரிப்பு வேலை முடிந்து கருவிப்பெட்டியை எண்ணியபோது, ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவர் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. உடனே மேலதிகாரியிடம் சொன்னேன். விமானம் நிறுத்தி வைக்கப்பட்டது. டார்ச் வெளிச்சத்தில் நால்வர் தேடி, விமானி இருக்கைக்கு அடியில் அதைக் கண்டெடுத்த பிறகே விமானப் பராமரிப்புப் பதிவேடான படிவம் 700-இல் கையொப்பமிட்டோம். செய்த வேலைக்குத் தன் பெயரை எழுதிப் பொறுப்பேற்கும் அந்தப் பழக்கம் இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

ஆனால் ஓய்வுபெற்றபின் விமானப் பராமரிப்பு வேலைக்குப் போனபோது, என் அனுபவத்தைக் கேட்கும் முன்பே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கும் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தைத்தான் கேட்டார்கள். அதற்கான தேர்வுகளைப் பணியில் இருந்தபோதே நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. என் பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பரோ மாலை நேரங்களில் படித்துப் பட்டம் பெற்று, பிறகு வங்கி அதிகாரியானார். எனக்கு 20 ஆண்டுகள் இருந்தும் கைநழுவிய வாய்ப்பு, தங்கள் மகனுக்கு நான்கே ஆண்டுகளில் அமைய வேண்டும் என்பதே என் கவலை. அக்னிவீரர்களுக்கென இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வகுத்துள்ள மூன்றாண்டுப் பட்டப்படிப்பில், பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் மதிப்பில் பாதி படைப் பயிற்சிக்கே கிடைக்கிறது. அதில் முதல் ஆண்டிலேயே அவர் பதிவு செய்துகொள்ளட்டும்.

தகுதியைப் பொறுத்தவரை, மொத்தத்தில் 50 விழுக்காடும் ஆங்கிலத்தில் தனியாக 50 விழுக்காடும் தேவை; ஆங்கிலத்தில் கோட்டைவிடுகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவருக்கு 18 வயது நிறையவில்லையெனில் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். அதற்கு முன், நான்கு ஆண்டு முடிவில் என்ன செய்ய விரும்புகிறார் என்பதை அவர் கைப்படவே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளுடன் அவரை என்னிடம் அனுப்பினால், எந்தத் தேர்வை எந்த ஆண்டில் எழுதுவது என்று அவருடன் உட்கார்ந்து முடிவு செய்கிறேன்.