ஒரு சாயத்தை மட்டும் நம்பலாமா?

கேள்வி: அம்மாவின் உள்ளங்கால் கறுப்புக் கட்டிக்கு பயாப்ஸி எடுத்தோம். 'எச்எம்பி-45 பாசிட்டிவ், மெலனோமா (நிறமிச் செல் புற்று)' என்று அறிக்கை. இந்த எச்எம்பி-45 ஆன்டிபாடி வேறு செல்லில் ஒட்டாதா, டாக்டர்?
– வாசகி, தேனி

பதில்: ஆன்டிபாடி என்பது செல்லிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் பொருள்; அது ஒட்டிய இடத்தைச் சாயம் காட்டும். வேறு செல்லிலும் ஒட்டும் அம்மா. அதனால்தான் ஒவ்வொரு ஆன்டிபாடியையும் நல்ல தோல், ஈரல், சிறுநீரகம், நரம்பு, வேறு புற்றுக்கட்டிகள் என்று பலவகைத் திசுச் சீவல்களில் சோதிக்கிறார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்ட, ஒரே வகை ஆன்டிபாடியை உருவாக்கும் மோனோகுளோனல் முறையில் கிடைப்பது ஒரே இலக்கைப் பிடிக்கும். அந்த இலக்கு மெலனோமாவுக்கே உரியதா என்பது வேறு விஷயம். எச்எம்பி-45 பிடிப்பது நிறமிப் பைகளிலுள்ள ஜிபி100 புரதத்தை. சிறுநீரகத்தில் வரும் ஆஞ்சியோமையோலிப்போமா என்ற கட்டியிலும் அது ஒட்டும். சாதாரண மச்சத்தின் மேலடுக்கிலும்கூட. நார்த்திசு மிகுந்த டெஸ்மோபிளாஸ்டிக் வகை மெலனோமாவிலோ பெரும்பாலும் ஒட்டாது. அந்த வகையை எஸ்-100 என்ற ஆன்டிபாடி காட்டிக்கொடுக்கும், ஆனால் அது நரம்புக் கட்டிகளையும் பிடிக்கும்.

உள்ளங்கால் கட்டியில் மெலனின் நிறமி நிறைய இருந்தால் பழுப்புச் சாயம் ஏமாற்றும்; மெலனினும் பழுப்புதான். நான் சிவப்புச் சாயம்தான் கேட்பேன். ஒரே ஆன்டிபாடியை வைத்துக் கையெழுத்திட மாட்டேன். எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ ஆகிய ஆன்டிபாடிகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கட்டியின் ஆழம் மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த அறுவைச் சிகிச்சையில் எவ்வளவு அகலம் வெட்டுவது என்பது அதைப் பொறுத்தது.