மோஸுக்கு உரம் வேண்டாம், ஃபேன் போடுங்கள்

கேள்வி: ஹாலில் இரண்டடித் தொட்டியில் கப்பி மீன் வளர்க்கிறோம். கட்டையில் கட்டிவிட்ட ஜாவா மோஸ் என்கிற நீர்ச்செடி தை, மாசியில் பச்சைப்பசேல் என்று இருந்தது. சித்திரை பிறந்ததும் பழுத்துவிட்டது. மேலே பச்சை நூல் மாதிரி ஏதோ படர்கிறது. கடையில் உரம் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: ஊற்றவே வேண்டாம். இப்போது உரம் ஊற்றினால் கொழுக்கப்போவது அந்த நூல்பாசிதான். ஜாவா மோஸுக்கு 20 முதல் 28 டிகிரித் தண்ணீர் சுகம். 30ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். நம் ஊரில் வெயில் 40ஐத் தொடுகிற நாளில், மூடிபோட்ட தொட்டி என்ன ஆகும்? மோஸ் வளராமல் நிற்கும். விளக்கு மட்டும் வழக்கம்போல எரியும். அந்த வெளிச்சமும் தண்ணீரில் உள்ள சத்தும் பாசிக்குப் போய்ச் சேரும்.

மூடியை எடுத்துவிட்டுச் சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்புக்கு நேராகத் திருப்பி வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூடும் இறங்கும்; இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே பெரிய விஷயம். கப்பி துள்ளும், அதனால் தண்ணீரை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். ஐஸ்கட்டி போடாதீர்கள், சூடு சட்டென்று இறங்குவது மீனுக்கு ஆகாது. ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட போர் தண்ணீர் வேண்டாம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு போகும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள். விளக்கு ஆறு மணி நேரம் போதும்.

அப்புறம் கட்டையை வெளியே எடுத்து, ஓர் இழையை விரலில் வைத்துப் பாருங்கள். மோஸ் என்றால் தண்டின் இரு பக்கமும் எள்ளைவிடச் சின்ன இலைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். நூல்பாசிக்கு இலை கிடையாது, வெறும் இழைதான். பழைய டூத் பிரஷ்ஷை அதில் விட்டுத் திருகினால் சுருண்டு வந்துவிடும். பழுத்த மோஸை வெட்டி எறியுங்கள். நுனியில் பச்சை இருந்தால் அரை அங்குலத் துண்டுகூடப் பிழைக்கும், வேரே இல்லாத செடி அது. தொட்டித் தண்ணீரில் அலசி, கட்டைமேல் மெல்லிசாகப் பரப்பி, பருத்தி நூலால் சுற்றுங்கள். கனமாக வைத்தால் அடிப்பக்கம் வெளிச்சமில்லாமல் அழுகும்.

மோஸை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கைவிட்டுவிடாதீர்கள். கப்பி தன் குட்டியையே தின்னும்; பிறந்த குட்டி ஒளிந்து பிழைப்பது இந்தப் புதருக்குள்தான். தங்கமீனை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், மோஸை இழை இழையாகப் பிய்த்துவிடும்.